கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

லெர்விக்கிலிருந்து ஹேசல் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இடது முழங்காலைத் தவிர நான் நலமே.

பயப்படாதீர்கள், சின்னச் சிராய்ப்புதான். மீன்பண்ணையில் என்னோடு வேலை பார்க்கும் எர்லண்ட், நம்மைப் போலவே பாகங்களை வாங்கித் தானே பூட்டிய கூரையில்லாத காரை ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டக் கொடுத்தார். நம் காரைப் போலவே அதிலும் முன்கண்ணாடி குட்டை, வைப்பர் கிடையாது. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை, அதற்கு மேலே பார்க்க எனக்கு எட்டவில்லை. கார் மெதுவாகப் பள்ளத்தில் இறங்கி ஓர் ஆட்டின் முன்னால் நின்றது.

"கண்ணாடிக்கு மேல பாத்து ஓட்ட வேண்டியதுதானே புள்ள?" என்று எர்லண்ட் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்களும் இதைத்தானே சொல்கிறீர்கள்! "மேல பாத்து ஓட்டினா வைப்பர் வேணாம்னு சட்டமே சொல்லுது கண்ணு. மாட்டினா காரோட மூஞ்சியே கெட்டுடும்." ஆறடி மூன்றங்குலம் இருந்துகொண்டு சட்டம் பேசுவது எளிது. நான் அம்மா உயரம். காரின் மூஞ்சி கெடக் கூடாது, மகளின் மூஞ்சி சேற்றில் கிடக்கலாமா? இருவருக்குமான கார் என்று சொல்லித்தானே அதைப் பூட்ட என் சனிக்கிழமைகளையெல்லாம் வாங்கிக்கொண்டீர்கள்?

வைப்பர் மாட்டுங்கள். கம்பளிக் காலுறையும் இஞ்சி பிஸ்கட்டும் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் நம் வீட்டு ருசி இல்லை. பண்ணைக்குப் போகும் படகுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நம் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் என் கண்மட்டத்துக்கு லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு போட்டு வந்தேன். அதை வைப்பர் துடைக்கட்டும். நீங்கள் துடைத்துவிடாதீர்கள்.

உங்கள் குட்டை மகள்,
ஹேசல்