அண்ணத்துத் திருகாணி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையை ஈரம் போகத் துவட்டி, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நலம் விசாரித்தது இத்தோடு போதும். மீதி முழுக்கக் கோபம்தான், அதில் உனக்கும் பங்கு இருக்கிறது, உட்கார்ந்து படி. கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதித்தான் ஆக வேண்டும் என்பது உன் தங்கையின் உத்தரவு. அதையும் அவள் வாயால் சொல்லவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டாள். இன்னும் பத்து வயது முடியவில்லை, ஓயாமல் பேசுகிறாள் என்று வானொலி என்று பெயர் வைத்தோமே, அந்தப் பிள்ளை என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இப்போது சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் ஒரு பக்கம் முடித்ததும் வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறாள்.

முதலில் உன்னிடமே வருகிறேன். அவளுக்கு மேல்தாடை குறுகலாக இருக்கிறது, பல்லுக்கு இடம் போதவில்லை, இப்போதே விரித்துவிட்டால் பின்னால் பல் பிடுங்க வேண்டி வராது என்று பல் டாக்டர் சொல்லி, அண்ணத்தில் குறுக்கே ஒரு கம்பிக் கிளிப்பை ஒட்டிவிட்டார். அதன் நடுவில் சின்னத் திருகாணி. தினம் ஒரு முறை மெல்லிய சாவியை உள்ளே விட்டு அதைத் தள்ள வேண்டும், தாடை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். இதெல்லாம் உனக்குப் போனில் சொன்னதுதான். மூன்றாம் நாள் நீ கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை ஓடிவந்து போனைப் பிடுங்கி, அண்ணா சாப்பிட்டியா என்று கேட்டது. நாக்கு வைக்க இடமில்லாத வாய், சொல் குழறித்தான் வரும். நீ என்ன செய்தாய், அதையே அப்படியே குழறித் திருப்பிச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அவள் போனை அம்மா கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உனக்கு எட்டு வயதில் முன்பல் இரண்டும் விழுந்து நீ காற்றும் எச்சிலுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இந்த வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. இதை முணுமுணுத்தபடி எழுதியது காதில் விழுந்து, நான் சிரித்தேன் என்று உன் அம்மா அடுக்களையிலிருந்து சொல்கிறாள், எனக்கு அப்படி நினைவில்லை.

அந்த முதல் வாரம் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எச்சில் நிற்காமல் ஒழுகும், மோவாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். சோற்றைக் குழைத்துக் கொடுத்தாலும் கிளிப்புக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், ஊசி இல்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து உன் அம்மா பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவிவிடுவாள். தள்ளிய பிறகு கால்மணி நேரம் மூக்குத்தண்டு விண்ணென்று தெறிக்கும் போலிருக்கிறது, இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உரக்கப் படிக்கப் படிக்க நாக்கு தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதற்காகத் துணி மடிக்கும்போதும் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டே இருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளையை அவள் வகுப்பு டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா. காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது எப்போதும் இவள்தானே, அதைப் பிடுங்கி வேறு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வாய் சரியானதும் பார்த்துக்கலாம்மா என்றாளாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பட்டறையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு, எண்ணெய்ச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றேன். மத்த பிள்ளைங்க சிரிக்கிறாங்க சார், இவளுக்குத்தானே கஷ்டம் என்றாள். சிரிக்கிற பிள்ளைங்களை விட்டுட்டு இவ வாயை மூடி வைப்பீங்களா என்று கேட்டேன். திரும்பி வரும்போது ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அடுத்தது அந்த டாக்டர். பதினெட்டு நாள் கழித்துக் காட்டப் போனோம். விளக்கைப் போட்டு, கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, திருகாணி வைத்த இடத்திலேயே இருக்கே, வீட்டுல தள்ளுறீங்களா இல்லையா என்றார். இந்நேரம் முன்பல் நடுவில் இடைவெளி விழுந்திருக்க வேண்டுமாம். என்னிடம். முப்பது வருடமாக லேத் மெஷின் ஓட்டி, மயிரிழை பிசகாமல் திருகாணிக்கு மரை வெட்டுகிற என்னிடம், ஒரு திருகாணியைத் தள்ளத் தெரியாதா என்று கேட்கிறார். இத்தனைக்கும் அவர் சொல்லிக் கொடுத்த லட்சணம், ஒரு பிளாஸ்டிக் தாடையை எடுத்து அரை நிமிடம் ஆட்டிக் காட்டிவிட்டு, எறும்பு எழுத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்ததுதான். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று நான் குரலை உயர்த்தினேன், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அப்ப பிள்ளை ஒத்துழைக்கலையோ என்னமோ என்றார். அன்றைக்கு ராத்திரியே உன்னிடம் போனில், டாக்டர் போட்ட திருகாணியே லூஸ், ஆள் சரியில்லை என்று சொன்னேன் அல்லவா.

இந்த இடத்தில் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு உன் தங்கை ஒரு சீட்டை என் பக்கம் தள்ளியிருக்கிறாள். இன்னும் அது வரல என்று எழுதியிருக்கிறது. பென்சிலை வேறு சீவிக் கூராக்கி வைத்திருக்கிறாள்.

சரி, எழுதுகிறேன். திருகாணி லூஸ் இல்லை. அந்தச் சாவியை முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும், அடுத்த ஓட்டை தெரிந்ததும் அதே பக்கமாகச் சாய்த்தே வெளியே எடுக்க வேண்டும். எறும்பு எழுத்துத் தாளில் இரண்டாவது வரியிலேயே அது இருக்கிறது, நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன், திருகாணியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்வது என்று. கையால் மரை போடும்போது அரைச் சுற்று முன்னே தள்ளினால் கொஞ்சம் பின்னே இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் இரும்புச் சுருள் அறுந்து விழும், இல்லையென்றால் மரை வெட்டுகிற டேப் என்ற கருவி உடைந்துபோகும். என் கைக்கு அது பழகிப் பழகி, சொல்லாமலே செய்யும். பதினெட்டு நாளும் நான் முன்னே தள்ளித் தள்ளி, எடுக்கும்போது பின்னே இழுத்து, பழைய இடத்துக்கே கொண்டு வந்திருக்கிறேன். பலன் கொஞ்சமும் இல்லாமல் வலியை மட்டும் தினமும் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. இரண்டாம் நாளே அவள் சொன்னாள், வெளிய எடுக்கும்போது திரும்பி வருதுப்பா என்று. வாய் நிறைய எச்சிலோடு, குழறிக் குழறி, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான், முதல்ல தெளிவாப் பேசு, அப்புறம் எனக்குத் திருகாணி சொல்லிக் குடு என்றேன். டாக்டரிடம் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில், நீதான் நாக்கால தள்ளித் தள்ளிக் கெடுத்திருப்ப என்று கத்தினேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

மறுநாள் மதியம் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூடிக்குள் ஒரு படம் மடித்து வைத்திருந்தது. திருகாணி, நாலு ஓட்டை, சாவி, உள்ளே போக ஒரு அம்பு, வெளியே வர ஒரு அம்பு, வெளியே வருகிற அம்போடு ஓட்டையும் கூடவே வருகிறது. என் பட்டறை வரைபடங்கள்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. சாப்பிடாமல் எழுந்துபோய் ஒரு சின்னத் தண்டில் நாலு துளை போட்டு, கம்பியை விட்டுத் தள்ளி, வழக்கம்போல எடுத்துப் பார்த்தேன். என் கை, என் கண் முன்னாலேயே அதைப் பின்னே கொண்டு வந்தது. வெட்கத்தில் டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்காதே. என் விரல் தடிமன், இனி நீயே தள்ளு, தொண்டைப் பக்கமாவே சாய்ச்சு எடு என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பூசி மெழுகிவிட்டேன். உன் தங்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. டீச்சரிடம் போய்ச் சண்டை போட்ட நானே வீட்டில் அதையேதான் செய்தேன் என்று நினைக்கும்போது என்மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

உன் அம்மா தள்ளத் தொடங்கிப் பதினொரு நாளில் முன்பல் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி விழுந்துவிட்டது, டாக்டரிடமும் போனில் கேட்டுக்கொண்டாள், சரியாகப் போகிறதாம். ஆனால் மருந்துக் கம்பெனி பேக்கிங்கில் அவளுக்கு இன்றிலிருந்து மாலை ஷிஃப்ட். சாவி என் கைக்குத்தான் வர வேண்டும், உன் தங்கையோ எனக்கு வாய் திறக்க மாட்டேன் என்று நிற்கிறாள். நான் செய்ததை அண்ணனுக்கு எழுத வேண்டும், அடுத்த முறை டாக்டரிடமும் சொல்ல வேண்டும், இது அவளுடைய நிபந்தனை.

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். அடுக்களைக்கு எடுத்துப் போய், பை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்து உரக்கப் படித்துக் காட்டினாள். பஸ்ஸில் கத்தினேன் என்ற இடத்தை இரண்டு முறை படித்தாள். அம்மா கிளம்பிப் போன பிறகு சாவியைக் கொண்டுவந்து, தொண்டைக்குள் நழுவாமலிருக்க அதில் கட்டியிருக்கும் நூலை என் விரலில் சுற்றிவிட்டு, பின்னால இழுக்காதீங்கப்பா என்றாள். அதில் ஒரு சொல்கூடத் தெளிவாக வரவில்லை. ஒன்றுவிடாமல் புரிந்தது. இரண்டாம் நாளும் இப்படித்தான் புரிந்திருக்கும், நான் காது கொடுத்திருந்தால்.

தள்ளி, சாய்த்து, எடுத்தேன். கண்ணாடியில் தானே பார்த்து ஓட்டையைச் சரிபார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல், போகிற இடமெல்லாம் நாலு பேர் மதிக்க நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அவள்தான் எடுப்பாள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேள், எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். தெளிவாகப் பேசு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
இரண்டாவது வரியைப் படிக்காத உன் அப்பா