கண்டிஷன் சீரியஸ்

ஜன. 9, செவ்வாய்

டெல்லி முழுக்கக் கடும் மூடுபனி. முனிர்கா ஸ்டாண்டில் பஸ் நம்பர் தெரிவதற்குள் பஸ்ஸே போய்விட்டது. நர்சிங் ஹோமுக்கு லேட். மேனேஜர் குப்தாஜி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நர்ஸ் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்துவிட்டது. 22ஆம் தேதி சேர வேண்டும். இங்கேயோ கவுண்டர் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்கிறார் குப்தாஜி.

அம்மா கட்சி: கவுண்டர். "நாற்காலியில உக்காந்து ஃபைல் பாக்குற வேலைடி. அடுத்தவுக மூத்திரம் அள்ளவா ஒன்னயப் படிக்க வச்சோம்?" அப்பா கட்சி: அம்மா கட்சி.

என் கட்சியும் கவுண்டர்தான். செத்தவர்களைக் கண்டால் பயம். மேஜைக்கு இந்தப் பக்கம் சாவு வராது.

வாங்க வேண்டியவை: கரும்பு, மஞ்சள் கொத்து (ஐ.என்.ஏ. மார்க்கெட்), சாக்ஸ்.

ஜன. 11, வியாழன்

வந்துவிட்டது.

ஏழாம் நம்பர் படுக்கைப் பெரியவர் காலையில் போய்விட்டார். வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பர்தான், கூப்பிட்டுக் கொடுப்பார்கள், பி.பி. என்னைப் பேசச் சொன்னார் குப்தாஜி. செத்துப்போனார் என்று போனில் சொல்லக்கூடாதாம். கேட்டவர்கள் பதறிப்போய் வழியில் அடிபட்டால்? "கண்டிஷன் சீரியஸ், சீக்கிரம் வாங்க." எப்போதும் இவ்வளவுதான் சொல்வார்களாம். சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

மகன் ஓடி வந்தார். காதோரம் நரைத்தவர், ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். கையில் ஃபிளாஸ்க். அதை என் மேஜையில் வைத்து, "பாபுஜிக்கு சூப் கொடுக்கலாமா?" என்று இந்தியில் கேட்டார்.

"மேலே போய் சிஸ்டரைக் கேளுங்க."

கவுண்டரில் உட்கார்ந்தவள் சொல்லும் பதில். ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டுப் படியேறினார். அப்புறம் அந்தச் சத்தம். லிசி சிஸ்டர்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தாராம், ஆயா சொன்னாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சூடு.

ஜன. 12, வெள்ளி

ஃபிளாஸ்க் இன்னும் என் மேஜைக்கு அடியில். யாரும் கேட்டு வரவில்லை. கால் படாமல் ஒடுங்கி உட்காருகிறேன். தூக்கிப் போடு என்கிறார் குப்தாஜி. அதெப்படி.

லிசி சிஸ்டரிடம் கேட்டேன், செத்தவர்களைத் தொடப் பயமில்லையா? தும்மிக்கொண்டே சொன்னார், பாதி மலையாளம், பாதி தமிழ். "பேடிதான் மோளே, பயம்தான். ஆனா கை கொஞ்ச நேரம் சூடாத்தான் இருக்கும். அது ஆறுறதுக்குள்ள வீட்டுக்காரங்க வந்துடணும்னு நெனப்பேன்."

கேட்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் போன் அடித்தால் அம்மாவை எடுக்கச் சொல்கிறேன். எங்கள் நம்பர்தான் இந்த குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு பி.பி. நாள் முழுக்க அடிக்கும். ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன அதே வார்த்தைகள் காதில் விழுகின்றன.

ஜன. 13, சனி

குப்தாஜியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். செவ்வாய் கையெழுத்து. அம்மா கேசரி கிளறினாள். இரண்டு வாயோடு தட்டை வைத்துவிட்டேன்.

"என்னடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

ஜன. 16, செவ்வாய்

கையெழுத்துப் போடக் கிளம்பும்போது போன். ஏதோ ஒரு பெண். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி, மாடி வீட்டுக் கமலாக்காவைக் கேட்டாள். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு வாரமாக அங்கேதான், மஞ்சள் காமாலை. அக்கா குளித்துச் சாப்பாடு எடுத்துப் போக வந்திருந்தாள்.

"கண்டிஷன் சீரியஸ் ஹை. ஜல்தி ஆயியே."

நடுங்காத குரல். என் குரல்.

நானும் இதே வேலைதான் செய்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள், போய்விட்டாரா என்றேன் இந்தியில். "ஹான் ஜி," ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா புரிந்துகொண்டாள். "சீரியஸ்னு மட்டும் சொல்லுடி. மிச்சத்த அங்க இருக்கவுக சொல்லிக்குவாக."

மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. அக்கா ஃபிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வா செல்வி. யாரு போன்ல? அவுக ஆபீஸா?"

ஃபிளாஸ்க்கை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன்.

அறைந்தாள். பிறகு என் மேலேயே சாய்ந்தாள்.

ஆட்டோவில் வழியெல்லாம் பிடித்த கையை இரண்டு பேரும் விடவில்லை. வார்டில் யாரையும் எதையும் கேட்காமல் நேரே அவரிடம் போனாள். கம்பளிக்குள் கையை விட்டுத் தேடினாள்.

"செல்வி, இன்னும் சூடா இருக்குடி. நீயும் தொட்டுப் பாரு."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஜன. 19, வெள்ளி

குப்தாஜியிடம் வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று. "பாகல் லட்கி" என்றார். பைத்தியக்காரியாம். மேஜைக்கு அடியிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து வந்துவிட்டேன். கழுவத் திறந்தேன், நாற்றம் தாங்கவில்லை. மூன்று தடவை கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜன. 22, திங்கள்

பனி இல்லை. வெள்ளை சாக்ஸ், சர்டிபிகேட், போட்டோ, எல்லாம் பையில். அம்மாவுக்குக் கோபம்தான், ஆனால் டிபன் கட்டி வைத்திருக்கிறாள். எலுமிச்சை சாதம்.

போன் அடிக்கிறது. எடுக்காமல் என்னையே பார்க்கிறாள் அம்மா. சரி, நானே எடுக்கிறேன்.