அவள் பெயர் போட்ட தாள்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மாமாவின் மூட்டுவலி தேவலையா? நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். வேறு ஒன்றும் விசேஷமில்லை என்று முடித்துவிடத்தான் ஆசை.

"கண்ணாடிச் சட்டம் வாங்கியாச்சு மாப்பிள்ளை, அவ பேர் போட்ட தாள அனுப்புங்க, ஹால்ல மாட்டணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தத் தாளை மாட்ட வேண்டாம் அத்தை. உங்கள் மகளும் நானும் எழுதிய அந்த ஆராய்ச்சிக் கட்டுரை தப்பு. திரும்பப் பெறுகிறோம்.

பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி, லட்சக்கணக்கான எழுத்துகளைக் கோத்த ஒரு வளையம். இங்கே இருக்கும் எழுத்துக்கும் வெகு தூரத்தில் இருக்கும் எழுத்துக்கும் தொடர்பு உண்டா என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை. அதில் ஒரு குழி உண்டு. வளையத்தின் ஒரு பாதியில் சில எழுத்துகள் அதிகம், மறுபாதியில் குறைவு. இதைக் கழிக்காமல் விட்டால், சம்பந்தமே இல்லாதவைகூடக் கைகோத்து நிற்பதுபோலத் தெரியும். புதிதாகச் சேரும் மாணவர்களை உங்கள் மகள் இதை வைத்துத்தான் கிண்டல் செய்வாள்: "ஒரே தெருவுல குடியிருந்தா சொந்தக்காரங்களாயிடுவாங்களாப்பா?"

கடைசியில் அவளே அந்தக் குழியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில், மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்து அந்தக் கட்டுரைக்காக எழுதிய கணினி நிரல். வளையம் எந்த இடத்தில் பாதியாகிறது என்பதைத் தவறாகக் குறித்துவிட்டாள். "ஒரு தடவ பாத்துடு, மருந்துல தல சுத்துது" என்றாள். பார்த்தாயிற்று என்றேன். நான் பார்க்கவில்லை அத்தை. அவள் ஒரு வரியில்கூடப் பிழை விடாதவள். திறந்து பார்த்தால், உடம்பு எவ்வளவு மோசம் என்று அந்த வரிகளே சொல்லிவிடும் என்ற பயம்.

போன வாரம் வேறு ஆய்வகத்துக்காரர் ஒருவர் சந்தேகம் கேட்டு எழுதினார். நிரலைத் திருத்தி ஓட்டினேன். நாங்கள் சொன்ன தொடர்பு எதுவும் இல்லை. வரைபடத்தில் கோடு தரையோடு படுத்துவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

சரியான கணக்கோடு மறுபடி வெளியிட வேண்டும். "போனவங்க பேருக்கு எதுக்குப்பா இந்தக் கறை? அவங்க பேர எடுத்துட்டு நீ மட்டும் போட்டுக்க" என்றார் எங்கள் ஆய்வகப் பேராசிரியர். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். தப்பு அவளுடையது, மறைத்தது நான். அவள் பெயரை எடுத்துவிட்டால் நான் யோக்கியனாகி, அவள் இல்லாமலே போய்விடுவாள். இது புரிய எனக்கு ஒரு முழு நாள் ஆனது. வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அவரிடம் போய், அவள் பெயர் முதலில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சரிபார்க்காமலே சரி என்று சொன்னவன் யார் என்பதும் அதில் இருக்கும். அவர், "சரி, எழுதிக் கொண்டா" என்றார்.

அச்சானதும் அனுப்புகிறேன். மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் இஷ்டம். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திட்டும்போது 'மாப்பிள்ளை' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் இருவர் ஆசியையும் வேண்டும்,
மருமகன்