ஃபர்ஸ்ட் கியரிலும் ஏறாத ஜீப்

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள பெனின் அத்தானுக்கு,

ஷீனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்து, சர்ச்சுக்கு நடந்தே போய் வருகிறார். நம் ஜூடிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. எல்லாச் சொல்லும் காற்றாகப் போகிறது, 'அப்பா' மட்டும் தெளிவாக வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் 'ஜீப்' என்று ஆரம்பித்தாலே, வேலை இருக்கு, பொறவு பேசுதேன் என்று வைத்துவிடுகிறீர்கள். பக்கத்துத் தெரு அண்ணன் ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வத்திராயிருப்பு மாந்தோப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவில், நீங்கள் ஓட்டிய சுப்புராஜ் அண்ணாச்சியின் ஜீப் பாதியில் நின்று பின்னால் உருண்டது. ஓரத்து மண் சரிந்து ஓடைக்குள் சாய்ந்ததில் லோடுமேன் வேல்பாண்டியின் கால் ஒடிந்தது. செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றப் பிந்திவிட்டேன், என் கால்தான் தப்பு செய்தது என்று அன்றைக்குச் சொன்னீர்கள். அண்ணாச்சியும் அதையே ஊரெல்லாம் சொன்னார். அதோடு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அங்கே ஷார்ஜா குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கப் போய்விட்டீர்கள்.

அந்த ஜீப் அதன்பிறகு ஓடவே இல்லை. அண்ணாச்சி ஷெட்டில் அப்படியே கிடந்தது. இந்த மாதம் அதை விற்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மெக்கானிக் சோலைச்சாமி அண்ணனிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். என் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழிதானே அந்த ஒர்க்‌ஷாப்? பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

சோலைச்சாமி அண்ணன் நாலு சிலிண்டரிலும் கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்க வேண்டிய அழுத்தத்தில் கால்வாசி குறைந்திருந்தது. பிஸ்டன் ரிங் எல்லாம் தேஞ்சு கிடக்கு டீச்சர், இது இன்னைக்கு நேத்து தேய்மானம் இல்ல என்றார். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததில் எந்தக் கணக்கையும் இவ்வளவு பயத்தோடு போட்டதில்லை.

நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் கொள்ளளவும் உள்ளே வருகிற அழுத்தமும் சேர்ந்துதான் இன்ஜினின் முறுக்குவிசை. கொள்ளளவு மாறாது. அழுத்தம் கால்வாசி போனால் முறுக்குவிசையும் ஏறக்குறைய கால்வாசி போகும். குதிரைத்திறன் என்று எல்லோரும் பெருமை பேசுகிறார்களே, அது முறுக்குவிசையை இன்ஜின் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வருவது. எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதை அது சொல்லும். ஏறுமா, ஏறாதா என்பதைச் சொல்வது சக்கரத்துக்கு வந்து சேரும் தள்ளுவிசை.

முறுக்குவிசையைக் கியர் விகிதத்தாலும் ஆக்ஸில் விகிதத்தாலும் பெருக்கி, சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் அந்தத் தள்ளுவிசை கிடைக்கும். வழியில் உராய்வில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். புது இன்ஜினாக இருந்தால், ஃபர்ஸ்ட் கியரில் அந்த ஜீப்புக்குச் சுமார் 630 கிலோ தள்ளுவிசை. தேய்ந்த இன்ஜினுக்கு 475தான்.

இனி அந்தச் சரிவு என்ன கேட்டது என்று பாருங்கள். ஆறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் அது. ஜீப், மாங்காய்ப் பெட்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்து 2700 கிலோ. ஆறால் வகுத்தால் 450. மண்பாதையில் சக்கரம் உருளவே இன்னும் 135 வேண்டும். ஆக 585.

475ஐ வைத்துக்கொண்டு 585ஐ எப்படித் தள்ளுவது அத்தான்? முதலிலிருந்தே ஃபர்ஸ்டில் வந்திருந்தாலும் ஜீப் நின்றுதான் இருக்கும். செகண்டில் வந்த வேகத்தில்தான் அது பாதியாவது ஏறியது.

கணக்கை மட்டும் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் சோலைச்சாமி அண்ணனைக் கேட்டேன். நேற்று சனிக்கிழமை, ரிங் மாற்றும் முன்பே ஜீப்பை அதே சரிவுக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சியும் வந்தார். ஏறுவதற்கு முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மொத்தம் 2200 கிலோவுக்கு மேல் போனால் இது ஏறாது என்று. வேல்பாண்டி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, மரக்கட்டையை எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்கு நான்தான் முட்டுக் கொடுப்பேன் என்று பக்கத்திலேயே நின்றான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

கொஞ்சம் மணல் மூட்டையோடு ஏறிவிட்டது. இன்னும் சில மூட்டை ஏற்றி மொத்தம் 2300 ஆக்கினோம். சோலைச்சாமி அண்ணன் அடிவாரத்திலிருந்தே ஃபர்ஸ்டில் எடுத்தார். பாதி தாண்டவில்லை. இன்ஜின் முக்கி முனகி அப்படியே அணைந்தது. வேல்பாண்டி கட்டையைச் சொருகிவிட்டான். அன்றைக்கு உங்கள் ஜீப்பில் இதைவிட நானூறு கிலோ அதிகம். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, பெனினை நாலு பேர் முன்னாடி வச்சுப் பேசுனேன், நாலு பேர் முன்னாடியே மாத்திச் சொல்லுதேன் டீச்சர் என்றார். இன்று காலை சர்ச் வாசலில் நின்று சொல்லியும்விட்டார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

ஓரத்து மண் ஏன் சரிந்தது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஜீப்பை ஏற்ற எந்த டிரைவராலும் முடிந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேல்பாண்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்காலு ஒடிஞ்சதுக்கு அவிய தன் கால் மேல பழி போட்டுக்கிட்டு எம்புட்டு நாள்தான் அங்க கிடப்பாவ, வரச் சொல்லுங்க டீச்சர் என்றான். நான் எத்தனை வரி எழுதினாலும் அவன் சொன்னதற்கு ஈடாகாது.

நான் இப்போது கார் ஓட்டப் பழகிவிட்டேன். லைசென்ஸும் வந்துவிட்டது. லீவு கேளுங்கள் அத்தான். மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நான் ஓட்டுவேன். அங்கே ஒரு டீ குடிப்போம். அதற்குப் பிறகு எனக்குக் கை வலிக்கும் என்று இப்போதே தெரிகிறது.

உங்கள் போக்கையும் வரவையும் ஆண்டவர் காப்பாராக.

என்றும் உங்கள்,
ஷீனா