கேட்டில் கட்டிய வேப்பங்கொத்து

மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாளை இன்று காலை விரித்தேன், மச்சான். காய்ந்த வேப்பிலைத் தூள் மடியில் கொட்டியது. கசப்பு வாடை இன்னும் போகவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். யார் துணையும் இல்லாமல். முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்புக்குப் போனேன் என்றால் நீ நம்பமாட்டாய். இப்போதெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேலையில்லாமல் நின்று ஒவ்வொரு பஸ் பலகையையும் படிக்கிறேன். திருவெண்ணெய்நல்லூர் என்று நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். தனியாகச் சிரித்துக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷம். ஆனால் பஸ் பலகைக்காக நான் வகுப்புக்குப் போகவில்லை. உன் தாளுக்காகப் போனேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனாய். அவனோடு அறையில் இருந்தவனுக்கு வந்தது உனக்கும் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய நாலாம் நாள் கையிலும் முகத்திலும் கொப்புளம். குரங்கம்மை என்று சொல்லி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நாம் முப்பது வருஷம் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கிய மார்க்கெட் கமிட்டியில் அன்றைக்கு அதுதான் பேச்சு. "குரங்கோட குடித்தனம் பண்ணிக்கினு இருந்தானா உன் கூட்டாளி?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு அம்மை என்றால் ஒன்றுதான். சின்ன வயதில் என் தங்கையைக் கொண்டுபோய், என் முகத்தைக் குழிகுழியாய் ஆக்கிவிட்டுப் போன பெரியம்மை. அந்தப் பயத்தில் உன் வீட்டுக் கேட்டில் வேப்பங்கொத்தைக் கட்டினேன். உன்னைக் காக்கத்தான் கட்டினேன் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து நீ திரும்பி வந்தாய். பொருக்கெல்லாம் உதிர்ந்து, தோல் வெளுப்பாய்ப் புதிதாய் இருந்தது. நான் தெருவிலேயே நின்றேன்.

"இன்னாடா இது? மாதா படம் மாட்டின வூட்டுல மாரியாத்தாளுக்குத் தோரணமா? அவுத்துடு."

"தலைக்கு மூணு தண்ணி ஊத்தினாதான் மச்சான் அவுக்கணும்."

"ஆஸ்பத்திரில தெனம் குளிச்சேன்டா. இன்னும் எத்தினி தண்ணி ஊத்துவ?"

"நீயே அவுத்துடேன்."

"நான் அவுத்தா நோவை மறைக்கிறான்னு சொல்வானுங்க. கட்டுனவன் அவுத்தாதான் ஊரு நம்பும்." பிறகு இந்தத் தாளை நீட்டினாய். "நர்சம்மா குடுத்தது. நீ கைநாட்டுன்னு தெரியும். கமிட்டி கிளார்க்காண்ட குடுத்து எல்லாருக்கும் கேக்கறாப்புல படிக்கச் சொல்லு."

துண்டு நுனியால் பிடித்து வாங்கினேன். நீ அதைப் பார்த்தாய்.

கிளார்க்கிடம் நான் கொடுக்கவில்லை, மச்சான். கொடுத்தால், நானும் உன் வீட்டுக்குப் போய்வந்தேனா என்று கேட்பார்கள், என்னையும் மூட்டை தொடவிடமாட்டார்கள் என்று பயந்தேன். நடுவில் வேப்பிலை வைத்து மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பால்காரர் உன் வாசலில் நிற்பதை விட்டார். கடையில் உனக்கு மட்டும் டீயைக் காகிதக் கப்பில் ஊற்றித் தரையில் வைத்தார்கள். அப்புறம் நீ டீக்கடைக்கு வருவதை விட்டுவிட்டாய். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் போனது. ஒரு பகலில், வீட்டில் தனியாக இருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டிருக்கிறாய். எதிர்வீட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். கேட்டில் வேப்பிலை தொங்கியது, எப்படி உள்ளே போவது என்று என்னிடமே கேட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அது வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் மாரடைப்பு என்றார். அம்மை எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை.

தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? தெரியும், நீ படித்தவன். எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. குரங்கம்மையில் ரெண்டு வகை. ஒன்று கடுமையானது, உயிரிழப்பு அதிகம். இன்னொன்று அத்தனை கடுமை இல்லை, பெரும்பாலானவர்கள் சில வாரத்தில் தேறிவிடுவார்கள். பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் வந்துவிட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது. அந்த ரெண்டாவது வகைக்குக் கீழே நீலப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நர்சம்மா கையால் எழுதியிருக்கிறார். கையெழுத்து என்பதால் அதைக் கூட்டத்தான் அதிக நேரம் ஆனது. "உங்களுக்கு வந்தது இதுதான் ஐயா. பயம் வேண்டாம்."

சாயங்காலம் கமிட்டிக்குப் போய் நின்றுகொண்டு சத்தமாகப் படித்தேன். திக்கித் திக்கித்தான். மேஸ்திரி, "இப்ப எதுக்கு பெருசு இது?" என்றார். அப்போது கொடுத்திருக்க வேண்டியதை இப்போது கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு முழுவதும் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். கேட்டில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சிதான் தொங்கியது. முடிச்சு அப்படியே இருந்தது. நாம் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, நீதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

அந்தக் கயிறு இப்போது என் சட்டைப் பையில், தாளோடு இருக்கிறது.