ஏழாம் பக்கம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள பூதத்துக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் முகவரியை உன் அண்ணனிடம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார். குரலைக் கேட்டால் சண்டை போட்டுவிடுவேன் என்றுதான் கூப்பிடவில்லை.

நேற்று அல்காரிதம் வகுப்பில் நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையை நடத்தினேன். குறிப்பிட்ட நேரம் மட்டும் திறக்கும் சாலைகளில் வண்டி எப்படிச் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது. ஒவ்வொரு சந்திப்புக்கும் முதலில் வந்து சேரும் வழியை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு என்று பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண். காலையில் பார்சல் வேன் ஓட்டிவிட்டு வகுப்புக்கு வருபவள். உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"சீக்கிரம் போனா நல்லதுன்னு எப்படி மேடம் சொல்றீங்க? கேட் திறக்கலைன்னா அங்க நிறுத்த விடமாட்டாங்க. ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வரணும். அதுக்குள்ள பின்னாடி வந்தவன் உள்ள போயிருவான்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்து நாலே சாலைகளை வரைந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. வண்டி எங்கும் நிற்காது என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, ஏழாம் பக்கத்தில் சாலை திறக்கும்வரை அதை நிறுத்தி வைத்துவிட்டோம்.

ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற பூதக்கண்ணாடியாயிற்றே நீ, இதை எப்படி விட்டாய்? அடுத்த மாதம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இந்தக் கட்டுரையைத்தான் முதலில் காட்டியிருக்கிறேன். அதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

உன்,
முந்திரி


ஆகஸ்ட் 15

முந்திரிக்கு,

நான் விடவில்லை. பார்த்தேன்.

கட்டுரை அச்சாகி வந்த வாரம், பஸ்ஸில் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அந்த வியாழக்கிழமை உனக்கு வேலைக்கான நேர்காணல். அது முடியட்டும் என்றிருந்தேன். வேலை கிடைத்ததும் சந்தோஷத்தில் போனில் அழுதாய். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு உன் முகத்தைப் பார்த்தாலே ஏழாம் பக்கம்தான் தெரிந்தது. ஆராய்ச்சியை விட்டேன், உன்னையும் விட்டேன். கல்யாணமானதும் மாறிவிட்டாள் என்று நீ சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது பள்ளிக் கணக்குப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். சிரிக்காதே.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் ஒரு சுற்று என்றாளே, எத்தனை சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டால் நம் முறை பிழைத்துக்கொள்ளுமா?

பூதம்


செப்டம்பர் 20

பூதத்துக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் கடைசிக் கேள்விக்காகப் பொறுக்கி ஒட்டினேன்.

கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதப் போவதாகத் துறைத்தலைவரிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா யாரும் பாக்கலையே, நேர்காணல் முடியட்டுமேம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று நீயும் உனக்குள் இதைத்தானே சொல்லிக்கொண்டிருப்பாய் என்று அப்போது தோன்றியது. சரி என்று தலையாட்ட எனக்கும் எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அன்று மாலையே பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். நேர்காணல் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஒரு நாள் காலை அந்தப் பெண்ணோடு வேனில் போனேன். ஒரு கிடங்கு வாசலில் மூன்று தடவை சுற்றினோம். முதலில் வரும் நேரத்தை மட்டுமல்ல, வரக்கூடிய நேரங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது. ஆனால் அவை பெருகிக்கொண்டே போகின்றன. எதைத் தூக்கிப் போடலாம்? நானும் அவளும் எழுதிப் பார்த்ததை இணைத்திருக்கிறேன். அவள் பெயர் முதலில். உன் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன், வேண்டாமென்றால் அழித்துவிடு. இன்னும் கோபம்தான். அதோடுதான் எழுதுகிறேன்.

முந்திரி


செப்டம்பர் 24

முந்திரிக்கு,

உன் உறை இன்று காலை வந்தது. மதியத்துக்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி தவறு. இரண்டு கேட்டுகள் ஒரே நேரத்தில் மூடினால் அந்த வாதம் செல்லாது. அதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி யாருக்கும் அனுப்பிவிடாதே. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது; அந்தப் பெண் வரைந்திருக்கும் சாலைப் படம் அருமை.

அந்த வரியைச் சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளையும் வரச்சொல்.

பூதம்