தண்டனைப் பாத்தி

ஜூன் 4

இன்றும் சாப்பிடும்போதே கண் சொருகிவிட்டது. போஷோக் களியும் பீன்ஸும் தட்டிலேயே ஆறிப் போயின. கல்லூரியிலிருந்து இந்தப் பள்ளிக்குப் பாடம் நடத்திப் பழக வந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் பாதி நாள் ஓய்வு. விவசாயத்துக்கு மட்டும் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் கிடையாது, அதனால் எல்லா வகுப்பும் என் தலையில்.

சீனியர் டூ வகுப்பை முதல் முறையாகக் கடலைப் பாத்திக்கு அழைத்துப் போனேன். நாற்பது பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அடேகே என்ற பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள், "மேடம், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

ஒன்றும் பண்ணவில்லை, இது பாடம் என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? தாமதமாக வந்தால் மண்வெட்டி, சட்டை அழுக்காக இருந்தால் மண்வெட்டி, இங்கிலீஷ் பேசாமல் தாய்மொழி அத்தேசோ பேசினால் மண்வெட்டி. நான் படித்த பள்ளியிலும் இதே கதைதான். தண்டனையாக இருப்பதைப் பாடம் என்று சொல்லி நடத்தத்தான் என்னை மூன்று வருடம் படிக்க வைத்தார்களா?

ஜூன் 5

மழை. செருப்பு சேற்றோடு போயிற்று. வேறு எதுவும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 11

துணைத் தலைமையாசிரியர் ஒமோடிங்கிடம் பேசிவிட்டேன். காலை மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிட்டு, பிந்தி வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்து என் பாத்திக்கு அனுப்புகிறவர் அவர்தான். இனி அங்கே அனுப்ப வேண்டாம், பிள்ளைகளுக்கு அந்தப் பாடமே கசந்துவிட்டது என்றேன்.

"அப்புறம் களையை யாரு எடுக்கறது மேடம்? மந்திரியா?"

"நானே எடுக்கறேன் சார்."

"எடுங்க, எடுங்க. நானும் பார்க்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் என் வாய்க்கு யார் பூட்டு போடுவது? இருக்கிற வேலை போதாதா எனக்கு?

ஜூன் 20

பள்ளி விட்ட பிறகு தினமும் களை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், சாக்பீஸ் பிடிக்கக்கூட முடியவில்லை. வரலாறு நடத்த வந்திருக்கும் மதியாஸ் வேலியில் சாய்ந்து நின்று, "இன்னைக்கு நீ எத்தனை மணிக்கு வந்தே அகிரோர்? ரொம்ப லேட்டோ?" என்றான். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். படவில்லை.

அக்கா போனில், "மண்வெட்டி பிடிக்க நம்ம வீட்டுலயே நிலம் இருக்கேடி, இதுக்குப் போய்க் காலேஜா?" என்றாள். போனை வைத்துவிட்டு மறுபடி களை பிடுங்கப் போனேன்.

ஜூலை 2

கடலை பூத்திருக்கிறது. சில செடிகளில் காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு ஓஜாகோல் சார் எந்த நாளும் வரலாம், சொல்லாமல்தான் வருவார். செயல்முறைக்கான மதிப்பெண் இந்தப் பாத்தியைப் பார்த்துத்தான். அதில் தேறாவிட்டால் இந்த வருடம் டிப்ளமோ இல்லை.

இனி உள்ளே மண்வெட்டி படக்கூடாது. களை இருந்தால் கையால் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 8

காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. ஆறாவது பீரியட், சீனியர் டூ. எமோருட்டும் அவன் கூட்டாளிகள் மூவரும் கடைசி பெஞ்சில் கீழே குனிந்து சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை என்ன வந்ததோ எனக்கு. "எழுந்திருங்கடா! போங்க, போய்க் கடலைப் பாத்தியைக் கொத்துங்க, போங்க வெளியே!"

என் வாய்தான் சொன்னது. ஒமோடிங் சார் அல்ல.

பீரியட் முடிந்து போய்ப் பார்த்தேன். நாலு வரிசை தவிர எல்லாவற்றையும் கொத்திப் புரட்டியிருந்தார்கள். நல்ல ஆழமாக. ஒரு புல்கூட இல்லை. விழுதெல்லாம் அறுந்து வெயிலில் கிடந்தது.

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூலை 9

இன்றைக்கென்று பார்த்து வந்தார் ஓஜாகோல் சார். நேராகத் தோட்டத்துக்கு. வகுப்பும் வந்தது, ஒமோடிங் சாரும் வந்தார்.

பாத்தியைப் பார்த்ததும் ஒமோடிங் சார் என் காதருகே குனிந்தார். "என் லேட் பசங்க பண்ணினதுன்னு சொல்லிடுங்க மேடம். பழியை என்மேல போடுங்க. ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறவன், எனக்கென்ன வந்தது?"

எமோருட் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் சார் அனுப்பினேன். கோபத்துல."

ஓஜாகோல் சார் பாடத்தை நடத்தச் சொன்னார். எந்தப் பாடம்? எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பை மடித்துப் பையில் வைத்தேன். அறுந்த செடி ஒன்றை எடுத்து எமோருட்டிடம் கொடுத்தேன்.

"உங்க வீட்டுல கடலை போடறாங்களா?"

"போடறாங்க மேடம்."

"இந்தப் பருவத்துல மண்வெட்டி வைப்பியா?"

"வச்சா எங்கம்மா என்னையே கொத்திடும் மேடம்."

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் கொத்தினியா?"

"ஆமா மேடம். இது தண்டனைதானே. எங்க கடலை இல்லையே."

அடேகே பின்னாலிருந்து, "காய் வந்தாலும் சார்மாருங்க டீக்குத்தானே அவிச்சுத் தின்னுவாங்க" என்றாள். ஒமோடிங் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

போகும்போது ஓஜாகோல் சார், "பயிரே இல்லாம எதுக்கும்மா நான் மார்க் போடறது?" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 10

லீவு. படுத்தே கிடந்தேன்.

ஆகஸ்ட் 21

முடிவு வந்துவிட்டது. செயல்முறையில் தேறவில்லை. அடுத்த பருவத்தில் ஏதாவது ஒரு பள்ளியில் பயிர் வைத்து மறுபடி காட்ட வேண்டும். மதியாஸ் தேறிவிட்டான். உனக்காக வருத்தப்படுகிறேன் என்றான், உண்மையாகத்தான் சொன்னான். அது இன்னும் கசந்தது.

கல்லூரி அலுவலகத்தில் எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அம்மா கையால் களி தின்றுகொண்டு போய் வரலாம். அந்தப் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எமோருட் படிக்கும் பழைய பள்ளியின் பெயர் வந்தது.

அக்கா இரண்டு நாளாகப் பேசவில்லை.

செப்டம்பர் 17

தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பாதி விளைச்சல் பிள்ளைகளுக்கு, மீதி பள்ளிக்கு. சரியா, இல்லையா? ஒரு வாரம் இழுத்தடித்து, சரி என்றார். ஆசிரியர் அறையில் டீக்குக் கடலை போச்சே என்று ஒரே புலம்பல்.

வரிசைக்கு இரண்டு பேர். விதை அவரவர் வீட்டிலிருந்து. பத்துப் பேர் கொண்டு வரவே இல்லை. கொண்டு வந்ததில் பாதி சொத்தை. மறுபடி அலைய வேண்டும். உடம்பு கேட்கவில்லை, இடுப்பு விட்டுப் போகிறது.

அக்டோபர் 9

எமோருட்டின் வரிசையை ஆடு மேய்ந்துவிட்டது. அழுதான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. விட்டுப்போன இடத்தில் மறுபடி விதை ஊன்றினோம்.

ஓஜாகோல் சார் இன்னும் வரவில்லை. வரட்டும், எப்போது வந்தாலும் சரி.

அக்டோபர் 29

நாலு பீரியட் நின்றே நடத்தியதில் கால் மரத்துவிட்டது. ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தால், ஒமோடிங் சார் கையில் பிரம்போடு எதிரில் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மேடம், உங்க சீனியர் டூ மொத்தமும் கணக்கு வகுப்புக்கு இருபது நிமிஷம் லேட். மணி அடிச்சும் பாத்தியை விட்டு நகரல. விழுது இறங்கிடுச்சாம், எண்ணிப் பார்க்கறாங்களாம். கணக்கு வாத்தியார் குதிக்கறாரு."

"தப்புதான் சார். தண்டனை குடுங்க."

"குடுக்கத்தான் வந்தேன்." பிரம்பைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்தெட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச தண்டனை அந்தப் பாத்தி ஒண்ணுதான் மேடம். இவங்களை எங்கே அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.